அம்மனைப் படமெடுக்கப் போனேன், என்னைப் படமெடுத்தார்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் படம் கிடையாது. ஊர்ப் பெயரும் கிடையாது. "அப்புறம் கேமரா தூக்கிக்கிட்டுப் போய் என்னத்தைக் கிழிச்சே?" என்று கேட்பவர்கள் கடைசிவரை படிக்கவும்.

2007 மாசியில் ஒரு சனிக்கிழமை. சிலைக் கடத்தல் செய்தியாகப் படித்துப் படித்து வெறுத்துப்போய், இருக்கிற சிலைகளையாவது இருக்கும்போதே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். திருச்சியிலிருந்து பெரம்பலூர் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து வாலிகண்டபுரம் போய் சிவன் கோயில் தூண்களை ஆற அமரப் பார்த்துவிட்டு, அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் சேர மதியம் இரண்டாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா, சால்னா அமர்க்களம். அப்புறம் முந்திரிக்காட்டு வழியாக அந்தப் பெயர் சொல்லாத ஊருக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். முந்திரி பூத்து வழியெல்லாம் வாசனை.

கோயில் பூசாரி ராமலிங்கம் சாவியோடு வந்தார். கூடவே அவர் மனைவி செல்வராணி, கையில் ஒரு கேமரா.

"அம்மனைப் பாக்கணும்ங்க" என்றேன்.

"பாக்கலாம். முதல்ல இப்படி வெளிச்சத்துல வந்து நில்லுங்க. மூஞ்சி முழுசா வரணும்" என்று அந்த அம்மா என்னைப் படமெடுத்துவிட்டார்!

எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னைப் பார்த்தால் திருடன் மாதிரியா இருக்கிறது? ஆட்டோக்காரர் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க சார், என்னையும் எடுத்திருக்காங்க."

ராமலிங்கம்தான் விளக்கினார். மூன்று வருஷம் முன்பு, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களை நம்பி, அம்மன் கட்டியிருந்த பட்டுப்புடவையை அவிழ்த்து நாலு பக்கமும் படமெடுக்க விட்டிருக்கிறார். அந்தப் படத்தை எங்கேயோ காட்டி விலை பேசி முடித்த பிறகு, பூட்டை உடைத்து அம்மனைத் தூக்கிவிட்டார்கள்.

"ஊரே என்னைத்தான் சந்தேகப்பட்டுச்சு சார். எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. வந்தவனுங்க எப்படி இருந்தாங்கன்னு ஸ்டேஷன்ல கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல."

நல்லவேளை, கப்பலேறும் முன் அம்மன் சென்னையில் ஒரு குடோனில் கிடைத்துவிட்டாள். பிடிபட்டவர்கள் வாய் திறந்தபிறகுதான் ஊர் இவரிடம் மறுபடி பேசியது. சாவியையும் திருப்பிக் கொடுத்தது. வருகிறவர்களைப் படமெடுப்பது செல்வராணியின் யோசனை. லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாயிடம் வாங்கிய துபாய் கேமராவாம்.

"கேஸு இன்னும் முடியலைங்க, அம்மன் ஜாமீன்லதான் இருக்கா" என்றார் செல்வராணி. "வாய்தாவுக்கு வேன் வச்சுக் கும்பகோணம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். அந்தச் சாக்குல நாங்களும் கும்பகோணத்துல எல்லாக் கோயிலும் பாத்தாச்சு!"

என் கேமராவை அவரிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ஒன்றரை அடி அம்மன். பட்டுக்கு வெளியே முகமும் ஒரு கையும்தான் தெரிந்தன. அடடா, அந்த விரல்கள்! கண் கலங்கிவிட்டது. மனசு நிறைந்து நின்றேன்.

எப்படியோ ஊரைக் கண்டுபிடித்துப் போகிறவர்கள் சாயங்காலப் பூசைக்கு முன் போங்கள், ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், முக்கியமாக ஷேவ் செய்துகொள்ளுங்கள். நான் மூன்று நாள் தாடியோடு கோயில் சுவரில் இருக்கப்போகிறேன்.

ஆமாம், வெளியே வரும்போதுதான் அந்தச் சுவரைக் கவனித்தேன். வந்துபோனவர்கள் முகமெல்லாம் வரிசையாக ஒட்டியிருந்தது. முதல் படத்தில் ராமலிங்கம்.

"உங்களையுமா எடுத்தாங்க?"

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்" என்றார், கதவைப் பூட்டிக்கொண்டே. "சாவி யார் கையில இருக்கோ, அவன் மூஞ்சிதான் முதல்ல இருக்கணும்."