மூக்குச் சாட்சி

தையல்காரர் செய்த ஒரே பாவம், காவல் நிலையத்துக்கு எதிரே கடை போட்டதுதான். மதுவிலக்குச் சட்டத்தில் யாரைப் பிடித்தாலும் சாட்சிக்கு ஒரு பொதுஜனம் வேண்டும். ஊரில் ஆளா இல்லை? ஏட்டுக்குக் கண்ணில் படுகிற பொதுஜனம் இவர் ஒருத்தர்தான். துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது காகிதம் வந்து விழும். "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்பார் ஏட்டு. கத்தரியைக் கைமாற்றிக்கொண்டு, படித்துக்கூடப் பார்க்காமல் இவரும் கிறுக்கித் தள்ளுவார்.

அப்புறம் வாய்தா வாய்தாவாக அலைச்சல். பாதி நாள் கோர்ட் பெஞ்சைத் தேய்த்துவிட்டுக் கடைக்கு வந்தால், துணி தைக்கக் கொடுத்தவர்களின் வசவு. இத்தனைக்கும் கூண்டில் ஏறிப் பாடுவது ஒரே பாட்டு: "பாட்டிலைத் திறந்தாங்க, சாராய வாடை வந்துச்சுங்க."

இதில் கூத்து என்னவென்றால், அவருக்கு வாசனையே தெரியாது. சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சலோடு அது போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஏட்டு இதைக் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. எதிரில் இருக்கிறவரைப் பகைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா?

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் தங்கை வந்து நின்றாள்.

"ஏண்ணே, என் புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்ல நீதான் கிடைச்சியா?"

"நானா? உளறாத."

வக்கீல் கொடுத்த நகலை மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். கீழே அவருடைய கோழிக்கிறுக்கல். தச்சு வேலை பார்க்கும் மச்சான், மேசைக்குப் பூச வாங்கிப்போன பாலிஷைச் சாராயம் என்று பிடித்திருந்தார்கள். விஷயம் தெரிந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து ஏட்டை வாய்க்கு வந்தபடி திட்டியவரே இவர்தான். அந்தக் காகிதமும் தன் மேசைக்கு வந்துதான் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"சோதனைக்கு அனுப்பினது எங்கயோ தொலைஞ்சுபோச்சாம். இப்ப உன் மூக்கை வச்சுத்தான் கேஸாம். அவர் உள்ள போனாருன்னா, பிள்ளைங்களோட உன் வாசல்லதான் வந்து உக்காருவேன்."

கோர்ட்டில் மச்சானின் வக்கீல், கையோடு கொண்டுவந்திருந்த ஒரு பாலிஷ் டப்பாவைத் திறந்து நீட்டினார். "மோந்து பாத்துச் சொல்லுங்க, என்ன வாடை?"

பின்னால் ஏட்டு முறைத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றுமில்லை.

"தெரியலீங்க. எனக்கு வாசனையே தெரியாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அப்புறம் எதுக்குய்யா இத்தனை கேஸ்ல வந்து வாடை வந்துச்சுன்னு சொன்ன?"

"கடை எதிர்ல இருக்குதுங்க."

நீதிபதி மச்சானை விட்டுவிட்டார். தங்கை அழுதாள். "இனி கடையை எப்படி நடத்துறேன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஏட்டு. எக்கேடோ கெட்டுப் போகட்டும், இனிமேல் இந்தக் கோர்ட் வாசலை மிதிப்பதில்லை என்று கறுவிக்கொண்டே தையல்காரர் கடைக்குத் திரும்பினார்.

வாசலில் பக்கத்துச் சலவைக்கடைக்காரி நின்றிருந்தாள். அவள் புருஷன் சாராய வழக்கில் தண்டனை பெற்று ஜெயிலில் இருந்தான். செய்தி இவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

"உங்களுக்கு வாசனை தெரியாதாமே அண்ணே?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரர் கேஸ்லயும் நீங்கதானே வாடை வந்துச்சுன்னு சொன்னீங்க?"

தையல்காரருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏட்டின் மேலா, சட்டத்தின் மேலா, இந்தப் பாழாய்ப்போன மூக்கின் மேலா? எதன் மேல் காட்டினாலும் அவளுக்குப் பதில் ஆகாது. பாதியில் விட்டிருந்த துணியைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடையை இழுத்துப் பூட்டினார்.

"வாம்மா. அந்த வக்கீல் இன்னும் கோர்ட்லதான் இருப்பாரு."

யாரும் கூப்பிடாமல் அவர் கோர்ட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. தெருமுனையில் அவள் கேட்டாள்: "நீங்க சொன்னா விட்டுடுவாங்களா அண்ணே?"

"தெரியலம்மா" என்றார்.