நூலில் தொங்கிய கத்தரிக்காய்

வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிவஞானம் அண்ணை செத்துப்போன செய்தி வந்தபோது நான் எங்கள் வளவில் குந்தியிருந்து, சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்களை என்னுடைய கத்தரிச் செடியில் நூலால் கட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை நூல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பச்சை நூல் தேடி எடுத்திருந்தேன். வழக்கம்போல வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அவர் வாயடைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எட்டிப் பார்த்தது அவருடைய மனைவி இராசம் அக்கா.

"பிள்ளை, அண்ணை போயிட்டாரடி. காலமை எழுப்பினன், எழும்பேல்லை" என்றார். அந்த நிலையிலும் அவருடைய கண் செடிக்குப் போனது. "ஐயோ, காய்ச்சிட்டுதே. அவர் பாக்காமப் போயிட்டாரே."

இல்லை அக்கா, இது சந்தைக் காய் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

செத்தவீட்டில் ஆளுக்கு ஆள் எழும்பி, அவர் பண்பாளர், ஒருவர் மனதையும் நோகடிக்காதவர் என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய் முந்தானையை வாயில் வைத்தேன். அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தடவிவிட்டார். எங்கள் ஒழுங்கையில், இந்த ஒடுங்கின தெருவில், அவருடைய வாயில் அகப்படாத ஆள் யார்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். எல்லோரையும் மேலேயிருந்து பார்த்தே பழகிவிட்டார். பென்சன் எடுத்துக் கீழே இறங்கின பிறகும் அந்தப் பார்வை மட்டும் இறங்கவில்லை.

என்னுடைய தோட்டத்தைப் பார்த்து அவர் சொன்னது ஊருக்கெல்லாம் தெரியும், ஏனென்றால் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். "இது தோட்டமில்லைப் பிள்ளை, செடியளுக்கு ஆசுப்பத்திரி. அதுவும் டொக்டர் இல்லாத ஆசுப்பத்திரி."

சரி, அவருடைய தோட்டம் மட்டும் என்ன தேவலோகமா? அதே உப்புக்காற்று, அதே மணல். மீன் கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றி, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. காய்த்ததையும் பிடுங்க மாட்டார். கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். வெண்டிக்காய் முற்றி விறகான பிறகுதான் அக்காவின் குசினிக்குப் போகும். பார்க்கிறதுக்குத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் ரோசாப்பூ வைக்கலாமே அண்ணை என்று ஒருநாள் கேட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நிம்மதியான கிழமை.

மான்கள்தான் அவருக்கு முதல் எதிரி. எங்கள் ஊர் மான்கள் மாடுகளைவிட மோசம், சந்தியில் வாகனங்களை மறித்துக்கொண்டு படுத்திருப்பவை. விடிய வெளிக்கிட்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் தின்றுகொண்டு வரும். அவர் தடியோடு வாசலில் நின்று, மனிதர்களைத் திட்டுகிற அதே வார்த்தைகளால் அவற்றையும் திட்டுவார். ஒரு வெருளிப் பொம்மை கட்டி நிறுத்துங்களேன் என்றதற்கு, "வெருட்ட என்ர முகமே காணும், பொம்மை என்னத்துக்கு?" என்றார். அதில் நான் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையில் நொந்தது வேறு. என் மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு வந்தவர், ஒரு சோடாவைக் குடித்துவிட்டு எழும்பினார். சாப்பிடச் சொல்லிக் கையைப் பிடித்தேன். "சந்தை மரக்கறி. மருந்தடிச்ச கத்தரிக்காயை மான் கூடத் தின்னாது, நான் தின்னுறதோ?" என்று சபையில் வைத்துச் சொன்னார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. அதைக் கண்டாரோ என்னவோ, படலையடியில் நின்று, "உன்ர வளவில ஒரு கத்தரிக்காய் காய்க்கட்டும். வந்திருந்து சாப்பிடுறன்" என்றார். அடுத்தநாள் ஒரு கோணல் கன்று வேலிக்கு மேலால் வந்து விழுந்தது. "உருப்படாத கன்று. உனக்குச் சரி."

அந்தக் கன்றில்தான் நூல் கட்டினேன். அவரை ஒருநாள் என் வீட்டில் இருத்திச் சோறு போட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

எட்டாம் நாள் படையலுக்கு, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைப்போம். இராசம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "உன்ர வளவுக் கத்தரிக்காயில நீதான் கறி வைச்சுக் கொண்டுவா. அவர் சொன்ன சொல்லு" என்றார். நான் ஓம் என்றேன். அக்கா நாளாந்தம் வேலியால் பார்த்துக்கொண்டிருந்தபடியால், வாடிய காயை அவிழ்த்துப் புதுக் காய் கட்டுவது எனக்கு ஒரு உத்தியோகமாகிவிட்டது. அப்படிக் கட்டப்போன ஒருநாள்தான் இலைக்குக் கீழே கண்டேன். நூல் இல்லாமல் ஒன்று தொங்கியது. சின்னது, கோணல், ஆனால் செடியே காய்த்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. படையலன்று பிடுங்குவம் என்று விட்டேன்.

படையலன்று விடிய எழும்பிப் போனேன். செத்தவீட்டுச் சனமும் கலைந்து, தடியோடு நிற்க ஆளில்லாத ஒழுங்கைக்குள் மான்கள் தாராளமாக வந்து போயிருந்தன. அவருடைய பாத்தியும் இல்லை, என்னுடைய பாத்தியும் இல்லை. இத்தனை நாளும் அந்த மனுசன் என்னுடைய ஆசுப்பத்திரிக்கும் சேர்த்துத்தான் காவல் நின்றிருக்கிறார், சொல்லவேயில்லை. என் செடியில் இலையும் இல்லை, அந்தக் கோணல் காயும் இல்லை. மொட்டைத் தண்டில் சந்தைக் கத்தரிக்காய்கள் மட்டும் நூலில் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. மான் வாய் வைக்கவில்லை.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தண்டுதான். பிடுங்கவில்லை, மீன் கழுவின தண்ணீர் ஊற்றுகிறேன். விடியற்காலையில் தடியும் எடுக்கிறேன். திட்டுகிற வார்த்தைகள் அவருடையவை.

அன்றைக்குச் சந்தைக் காயில்தான் கறி வைத்தேன். படைத்து முடிய எல்லோரும் சாப்பிட இருந்தோம். இராசம் அக்கா இரண்டு வாய் சாப்பிட்டார், பிறகு வாய்க்குள் விரலை விட்டு ஒரு துண்டுப் பச்சை நூலை இழுத்தெடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். கறி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். போட்டேன்.