வெளிச்சத்தில் பிடித்த கார்டு

அருள்புரம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அந்த அம்மா, எதை வாங்கினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். துணியில் ஓட்டை தேடிய பழக்கம். எங்கள் லேப் ரசீதைக்கூட அப்படித்தான் பார்த்தார்.

எத்தியோப்பியாவில் மெஷின் மெக்கானிக்காக இருந்த மகன் காய்ச்சலோடு திரும்பியிருந்தான். வேறொரு லேபில் எடுத்த கார்டு டெஸ்ட்டில் ஒரு கோடுதான் விழுந்தது. இரண்டு விழுந்தால்தான் மலேரியா. மலேரியா இல்லை என்று நம்பி நாட்கள் போய்விட்டன. கடைசியில் அவன் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்தபோது கிருமி நிறைந்திருந்தது. மருந்து வேலை செய்வதற்குள் இறந்துபோனான்.

காரியம் முடிந்ததும், அந்த லேபில் கேட்டு வாங்கி வைத்திருந்த கார்டோடு அம்மா என்னிடம் வந்தார்.

"சில கிருமி கார்டுல காட்டாதுங்கம்மா" என்றேன்.

"செக்கிங்ல நான் ஒரு ஓட்டையும் உட்டதில்ல கண்ணு. இதையும் வெளிச்சத்துல வெச்சுத்தான பாத்தேன்?"

மறுபடி ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கினார். விழாத இரண்டாவது கோட்டைத் தேடுகிறவரிடம் போதும் என்று எப்படிச் சொல்வது?