நன்றிப் பெஞ்சில் தெரியாமல் உட்கார்ந்தேன்

பிளஸ் டூ படித்த வருடம் எனக்கு அழுகையே வரவில்லை. அம்மா செத்துப்போன வருடமும் அதுதான். கோவிலில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு ஜெபித்துக் கேட்டதைச் சொல்வார்கள். கண்ணீரும் வராமல், கேட்கவும் தோன்றாமல் கிடந்த எனக்கு ஆண்டவர் செய்ததை நான் சொல்கிறேன்.

எங்கள் வீடு உப்பளம் என்கிற பகுதியில். அப்பா மில்லில் தறி ஓட்டினார். 1982-ஆம் வருடம் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியை நான்தான் டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தேன். "பொண்ணு தெகிரியமா இருக்குது" என்றார்கள். தைரியமெல்லாம் இல்லை. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு பள்ளிக்கூடம் போனேன். போனேன் என்றுதான் சொல்லலாம், படித்தேன் என்று சொல்ல முடியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், எதுவும் ஏறாது. அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஃபெயில். தலைமையாசிரியை கூப்பிட்டு, "ரிவிஷன் பரீட்சையிலயும் இப்படியே எழுதினா உன்னைப் பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். எங்கள் வீட்டில் அதுவரை பிளஸ் டூவை எட்டியவர்கள் யாரும் இல்லை. அந்த வருடம் விட்டால் என் படிப்பு அதோடு சரி. அது தெரிந்தும் எனக்குப் பயம் வரவில்லை. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஷிஃப்டுக்குப் போவார், வருவார், நான் வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அம்மாவை அடக்கம் செய்த பிறகு அவர் கோவில் பக்கமே போகவில்லை. நானும் ஜெபிக்கவில்லை. ஆண்டவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமானால், அது வேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டுமே. எனக்கு எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை.

எங்கள் பங்குக் கோவிலில் சனிக்கிழமை சாயங்காலம் மாதா நவநாள் ஜெபம் நடக்கும். வேண்டிக்கொள்ள வந்தவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கேட்டது கிடைத்தவர்களுக்கு மட்டும் முன்னால் தனியாக நன்றிப் பெஞ்சு. பெண்களுக்கு இடப்பக்கம், ஆண்களுக்கு வலப்பக்கம். ஜெபம் முடிந்ததும் அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கிடைத்ததைச் சத்தமாகச் சொல்லி மெழுகுதிரி ஏற்றுவார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த வழக்கம்.

பொங்கல் லீவு முடிந்த சனிக்கிழமை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நவநாளுக்குப் போனேன். நல்ல கூட்டம். ஒரு பெஞ்சில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். அது எந்தப் பெஞ்சு என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. கையில் மெழுகுதிரி வந்த பிறகுதான் உறைத்தது.

திரி கொடுத்தவர் மதாம். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவே அவரை பிரெஞ்சு மரியாதைப்படி அப்படித்தான் கூப்பிடும். கோவிலில் பெஞ்சு துடைப்பதிலிருந்து பூ வைப்பது வரை அவர் ராஜ்யம்தான். பங்குச் சாமியாரே அவரிடம் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார்.

"எழுந்திரு. என்னாத்துக்கு நன்றி?" என்றார் மதாம்.

"தெரியாம உக்காந்துட்டேங்க."

"திரியக் கையில வாங்கிட்டு அப்புறம் என்னா தெரியாம? ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, சீக்கிரம் சொல்லு."

யோசித்தேன். எனக்கு எப்போதும் தலை பின்னிவிடுவது அம்மாதான்.

"இன்னிக்கு நானே தல பின்னிக்கிட்டேன்."

பின்னால் சிலர் சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை. "சரி, ஏத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவருக்கு அவர் வேலை முடிய வேண்டும்.

அடுத்த வாரம் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மதாம் வாசலிலேயே பிடித்துவிட்டார். "உன் எடம் அங்க" என்று முன்பெஞ்சைக் காட்டினார். ஸ்கூலுக்கு லேட்டாகப் போகவில்லை என்று ஏதோ சொல்லி ஒப்பேற்றினேன். எல்லோர் முன்னாலும் அப்படி நிற்க வெட்கமாக இருந்தது. அம்மா போன பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அந்த வெட்கம்தான்.

அதற்காகவே அந்த வாரம் வேதியியலில் ஒரு பக்கம் படித்தேன். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை, சனிக்கிழமை சொல்ல ஏதாவது வேண்டுமே என்று படித்தேன். சொன்னேன், திரி ஏற்றினேன். "போன வாரம் சொன்னதையே திருப்பிச் சொல்லக்கூடாது, ஆமா" என்று மதாம் எச்சரித்தார். அதனால் அடுத்த வாரம் ஒரு முழுப் பாடம் படித்தேன். அதற்கடுத்த வாரம், புரியாத கணக்கை வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன். மனசு என்னவோ மரத்துப்போய்த்தான் கிடந்தது. ஆனாலும் பாடங்கள் நகர்ந்தன. ரிவிஷன் பரீட்சையில் எல்லாவற்றிலும் பாஸ். தலைமையாசிரியை ஹால் டிக்கெட்டைக் கொடுத்தார். அதையும் நவநாளில் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், இல்லை.

பொதுத்தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை. தவக்காலம். நான் சொல்லி முடித்து உட்கார்ந்தேன். வலப்பக்கப் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். பார்த்தால் அப்பா. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், தலையெல்லாம் பஞ்சு. மதாம் எல்லோரையும் கேட்பதைப் போலவே அவரையும் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எம் பொண்டாட்டியக் காப்பாத்தும்மான்னு கேட்டேன், குடுக்கல. அந்தக் கோவத்துல இங்க வரல. ஆனா தறிகிட்ட நிக்கிறப்பல்லாம் ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தேன். எம் பொண்ணு மறுபடியும் படிக்கணும்னு. படிக்குது."

நான் அழுதேன். அம்மாவுக்காக அழ வேண்டியதையெல்லாம் அன்றைக்கு அந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மதாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பரீட்சை எழுதினேன். பாஸானேன், மார்க் சுமார்தான். அதை வைத்து நர்ஸ் படிப்பு படித்தேன். இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். வார்டு வராண்டாவில் அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன்.

இந்த வருடம் கடைசி வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளே, மனசு எதிலும் ஒட்டவில்லை என்றால், ஜெபம் வரவில்லை என்றால், பரவாயில்லை. கோவிலுக்கு மட்டும் வந்து உட்காருங்கள். எனக்குக் கேட்கத் தெரியாமல் போன நாட்களில் எனக்காக இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்காகவும் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார், நம்புங்கள். மில்லில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது. ஆண்டவருக்கு விழுந்தது.