ஒன்றேகால் சொம்பு வெந்நீர்

1937ஆம் வருஷம் ஜனவரி ஏழாம் தேதி, வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிஷம். பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஓட்டு முனையிலிருந்து சொட்டுவது காதில் விழுந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துண்டைக் கட்டிக்கொண்டு, புது பாய்லரின் மூக்குக்குக் கீழே வாளியை வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றேன். உள்ளே முப்பது சொம்புத் தண்ணீர் இருந்தது, ஊற்றும்போதே எண்ணியிருந்தேன். கரி ஒன்றரைப் படி. நாற்பது நிமிஷமாக எரிகிறது. மூக்கிலிருந்து நூல் மாதிரி ஒரு தாரை விழுந்தது, பிறகு அதுவும் சொட்டாகி நின்றுவிட்டது. அளந்து பார்த்தேன். ஒன்றேகால் சொம்பு.

அந்த பாய்லர் இடுப்புயரச் செம்பு உருளை. நடுவே கரி போடும் குழாய். மேலே ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றப் புனல். அதன் குழாய் உள்ளே அடிவரை போகும். மேலே மறுபக்கம் வெந்நீர் விழும் மூக்கு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் கடை வைத்திருந்த பாய் ஒருவர் செய்தது. அவர் அதைக் கொண்டுவந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார் நான். கொல்லைக் கதவுக்கு வெளியே நின்றபடி அவர் சொன்னதையெல்லாம் என் மனைவிதான் கேட்டுக்கொண்டாள். ஒரு மாதம் வெந்நீருக்குக் குறைவில்லை. நான் தெருவெல்லாம் பெருமையடித்ததில் ஆறு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்றார்கள். நானே போய்ப் பாயிடம் ஆறு பாய்லருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் ஒரு நாள், கொதிக்கிற பாய்லரில் மனைவி சொம்பு சொம்பாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்தேன்.

"சுட்ட தண்ணியில பச்சத் தண்ணியக் கொட்டறியே, கரி என்ன சும்மாவா வரது?"

"ஊத்தினாத்தான்னா வரும். பாய் அப்படித்தான் சொன்னார்."

"அவனுக்கு என்ன தெரியும்? ரயில் எஞ்சின்ல யாராவது சொம்பை வெச்சுண்டு ஊத்தறாளா? ஆவி தள்ளும்டி, ஆவி!"

"தள்ளட்டும். நேக்கு வாளி ரொம்பினாச் சரி."

அன்று ராத்திரி மூக்குவரை தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் புனல் வாயில் அடித்து இறுக்கினேன். ஆவி வீணாகாவிட்டால் அழுத்தம் சேரும், தண்ணீர் தானாக வெளியே பாயும் என்பது என் கணக்கு. மறுநாள் விடியற்காலை ஒன்றேகால் சொம்பு வந்தபோது கணக்கைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. தகட்டை ஒட்டிப் பற்றவைத்த இடத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அழுத்தம் அதில் போய்விடுகிறது என்று தீர்மானித்தேன். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஆறு வீட்டுப் படியும் ஏறினேன். "அவன் பாய்லர் வேண்டாம், பற்றவைக்கத் தெரியாதவன்" என்று ஆறு தடவை சொன்னேன். ஏழு மணிக்குள் முடிந்துவிட்டது.

பாய்க்கும் ஆள் விட்டேன். தானே வந்து பார்ப்பதாக அவர் சொல்லியனுப்பினார். மார்கழி மாதத்தில் அவர் எங்கள் கொல்லைக்குள் காலை வைப்பதாவது என்று நான் சம்மதிக்கவில்லை. அதனால் சனிக்கிழமையன்று பாய்லரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி நானே போக வேண்டியதாயிற்று. கடையில் பாத்திரங்களோடு ஐந்து பேர் காத்திருந்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கப் பேசினேன்.

"பாய், இதுல பிரஷரே இல்லை."

"என்னாது சாமி?"

"பிரஷர். அழுத்தம்."

"அத நான் வெக்கலையே சாமி. தண்ணிக்கு ஒரு வழி, நெருப்புக்கு ஒரு வழி, ரெண்டுதான் வெச்சேன்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. குனிந்து பாய்லரைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தவரின் கை புனலில் நின்றது.

"இந்தக் கட்டைய யாரு அடிச்சது?"

நான் அடித்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? "வீட்டுல தெரியாம அடிச்சுட்டா" என்றேன்.

"அம்மாவா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "அவங்கதானே நாலு தடவ ஊத்தி ஊத்திப் பாத்து வாங்கினாங்க."

கட்டையைத் தட்டி எடுத்தார். மூக்குவரை தண்ணீர் நிரப்பினார். பிறகு புனலில் ஒரு சொம்பு ஊற்றினார். மூக்கிலிருந்து ஒரு சொம்பு விழுந்தது. இன்னொன்று ஊற்றினார், இன்னொன்று விழுந்தது. "பச்சத் தண்ணி அடிக்குப் போயி, மேல இருக்கிற சுடுதண்ணியத் தள்ளும் சாமி. போட்டாத்தான் குடுக்கும். அடைச்சு வெச்சா, சூட்டுல உப்பி வழியறது மட்டும்தான் வரும்."

அண்டாவோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "வாத்தியாருங்களா? எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லுங்க, எம் பேரன அந்தப் பக்கம் விடாம இருக்கேன்" என்றார்.

வண்டியில் ஏற்றும்போது பாய் கூட வந்து கை கொடுத்தார். "அந்த ஆறு வீட்டுலயும் பொங்கல் கழிச்சுக் கிடைச்சுடும்னு சொல்லுங்க சாமி. கையில இருந்ததெல்லாம் போட்டுத் தகடு வாங்கிட்டேன். மூணுக்கு வெட்டியும் வெச்சாச்சு."

"சொல்றேன்" என்றேன்.

வண்டி வாசலில் நின்றதுமே, அந்த ஆறு பேரில் ஒருவரான அடுத்த வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "என்ன ஓய், சரியாச்சா?"

பாலத்தில் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "ஓட்டையை அடைச்சுக் குடுத்தான். இப்போ தேவலை."

"அப்போ நீர் சொன்னது வாஸ்தவம்தான். தப்பிச்சோம்!"

கதவுக்குப் பின்னால் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு ஊற்றினாள். "எண்ணிக்கோங்கோ. ஒண்ணு போட்டேன், ஒண்ணு வந்தது." வாளி நிரம்பியதும், "அந்த ஆறு ஆத்துக்கும் நான் போய்ச் சொல்லிடட்டுமா? நேக்கொண்ணும் வெக்கமில்லை" என்றாள்.

வேண்டாம் என்றேன். நானே சொல்வதாகச் சொன்னேன். தினம் தள்ளிப்போட்டேன். பதினோரு நாளில் ஆறு வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து வேறு கடையில் வாங்கிவிட்டார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடியும் பாயிடம் போனேன். செய்து முடித்த மூன்று பாய்லர்கள் சுவரோரம் நின்றன. மீதித் தகடு சுருட்டிக் கிடந்தது.

"அவாள்ளாம் வேற இடத்துல வாங்கிட்டா பாய்."

"அப்படியா? ஏன்னு சொன்னாங்களா சாமி?"

"சொல்லலை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்குத் தப்பிப்பதற்காக, மூன்றையும் நானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

"மூணையுமா? எதுக்கு சாமி?"

"தங்கைகளுக்கு."

எனக்கு இருந்தது ஒரே தங்கை, துறையூரில். அவளுக்கு ஒன்று அனுப்பினேன். மற்ற இரண்டும் பரணில் ஏறின. கரி பார்க்காமலே களிம்பு பிடித்துப்போயின. சுருட்டிக் கிடந்த தகட்டைப் பாய் என்ன செய்தார் என்று நான் விசாரிக்கவே இல்லை. அந்தச் சந்தில் அதற்கப்புறம் நான் நடந்ததும் இல்லை. ஆறு வீட்டிலும் சொல்லியிருக்க வேண்டியதை இந்த எழுபத்தொன்பது வயதில் இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். கேட்க வேண்டியவர் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை.

பாய்லர் மூன்று, ஒன்று பதினான்கு வீதம் நாற்பத்திரண்டு ரூபாய். முதல் தடவை வண்டிக்கூலி போகவர ஒன்றரை ரூபாய். மூன்றையும் ஏற்றிவந்த கூலி பதினாலணா. ஆக மொத்தம் நாற்பத்து நான்கு ரூபாய் ஆறணா.