வசந்திக்குக் கிடைத்த இன்னொரு ஜெர்சி

இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. மாடி அப்பார்ட்மென்ட் வசந்தி மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"அக்கா, எனக்கு ஜெர்சில வேலை கெடச்சிருச்சு!"

எனக்குப் புரியவில்லை. நாங்கள் இருப்பதே நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில்தான். இருவருக்கும் ஹெச்-ஃபோர் விசா வேறு. கணவர் வேலைக்குப் போகலாம். மனைவி சமைக்கலாம், டி.வி. பார்க்கலாம், துணி மடிக்கலாம்... வேலைக்கு மட்டும் போகக் கூடாது.

"ஹெச்-ஃபோர்ல எப்படிடி வேலை குடுப்பான்?"

"ஐயோ, இது வேற ஜெர்சிக்கா. இங்கிலாந்துக்கும் ஃபிரான்ஸுக்கும் நடுவுல குட்டித் தீவு. பேங்க்ல கம்ப்யூட்டர் வேலை. ஃபோன்லயே மூணு இன்டர்வியூ. வொர்க் பர்மிட் என் பேர்ல. வீடுகூட என் பேர்லதான்! இந்தத் தடவை என் புருஷன் பாஸ்கர்தான் என் டிபென்டன்ட்டா வர்றார்."

"கங்கிராட்ஸ்" என்றேன். வயிறு எரிந்தது.

உங்களிடம் மறைப்பானேன்? மதுரையில் ஒன்பது வருஷம் வக்கீலாக இருந்தவள் நான். என் கறுப்பு கவுன் சூட்கேஸின் அடியில் அந்துருண்டைகளோடு கிடக்கிறது. வசந்தி என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளுக்கு மட்டும் எப்படி...?

மறுநாள் ஒரு கட்டுப் பேப்பரோடு வந்தாள். அந்தத் தீவின் வீட்டு விதிகள், வேலை விதிகள்.

"நீங்க லாயர். படிச்சுப் பாத்து எங்க ரெண்டு பேருக்கும் சொல்லுங்கக்கா. பாஸ்கர் ரொம்ப யோசிக்கிறார்."

மூன்று நாள் படித்தேன். சாம்பார் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் படித்தேன். உதவி செய்யவா? இல்லை - ஓட்டை கண்டுபிடிக்க!

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, பழைய கோர்ட் குரலில் ஆரம்பித்தேன்.

"அங்க வெளியாளுங்க இஷ்டத்துக்கு வீடு எடுக்க முடியாது. 'இவங்க எங்களுக்கு அவசியம்'னு பேங்க் எழுதிக் குடுத்தாத்தான் வீடு. வேலை போச்சுன்னா வீடும் போச்சு. வேலையை நம்பாம வீடு எடுக்கறதெல்லாம் பல வருஷம் கழிச்சுத்தான் யோசிக்கவே முடியும்."

எல்லாமே உண்மை. ஒரு பொய்கூட இல்லை. ஏழாம் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டேன். பர்மிட் வாங்கியவரின் கணவனோ மனைவியோ அங்கே வேலை பார்க்கலாம் என்று அதில்தான் இருந்தது.

பாஸ்கரின் முகம் சுருங்கியது.

"அப்ப அங்க நான் என்ன பண்றது? நீ ஆபீஸ் போயிடுவே. நான் நாள் பூரா வீட்ல சும்மா உக்காந்திருக்கணுமா? பைத்தியம் புடிச்சிரும் எனக்கு."

வசந்தி சத்தம் போடவில்லை.

"மூணு வருஷமா நான் அதைத்தானே பண்றேன், பாஸ்கர்?"

பாஸ்கர் கார்ப்பெட்டைப் பார்த்தார். நானும்தான். அந்தக் கேள்வியை ஐந்து வருஷமாக என் கணவரிடம் கேட்காமல் விழுங்கி வைத்திருக்கிறேன் நான். கேட்கத் தைரியம் உள்ளவள் ஒருத்தி கிளம்புகிறாள்... அவள் காலையா வாரிவிடப் பார்த்தேன்?

"ஒரு நிமிஷம். ஏழாம் பக்கத்துல ஒண்ணு விட்டுட்டேன்" என்று எடுத்து வாசித்தேன். கோர்ட் குரல் எங்கோ போயிருந்தது.

பாஸ்கர் பேப்பரைப் பிடுங்கி இரண்டு முறை படித்தார். முகம் தெளிந்துவிட்டது. வசந்தி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு வரைக்கும் கூடவே வந்தாள். "நெஜமாவே மறந்துட்டீங்களாக்கா?"

"இல்லடி. பொறாமை."

வசந்தி மெதுவாகச் சொன்னாள்:

"உங்க எடத்துல இருந்தா நானும் பொறாமைப்பட்டிருப்பேன்க்கா. ஆனா, அந்தப் பக்கத்தையும் சேத்துப் படிச்சிருப்பேன்."

வலித்தது. வலிக்கத்தானே வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை இருவரையும் நெவார்க் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டோம். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பாஸ்கர் பின்னால் வர, பர்மிட் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வசந்தி முன்னால் நடந்தாள். திரும்பி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நல்லா இருடி" என்றேன். மனசார வாழ்த்தினேன் - அதாவது, பாதி மனசார.

மீதிப் பாதிக்கு இன்னும் பர்மிட் வரவில்லை.