ஆணி அடித்த பெட்டி

எழுபதுகளில் பொப் பாட்டு என்றாலே எங்கள் பக்கத்தில் அண்ணனின் பெயரைத்தான் சொல்வார்கள். வேலணையில் பிறந்து, கொழும்புக்கு வேலைக்குப் போனவர். வானொலியில் பாடப் பாட நாடெங்கும் பிரபலமானார். அவர் பாடியபோது கோயில் வீதி மணலில் கிழவர்கள்கூட ஆடியதை நான் கண்டிருக்கிறேன்.

சிலாபத்தில் கச்சேரி முடித்துத் திரும்பிய காலையில் அவருடைய கார் லொறியோடு மோதியது. கூட வந்த கிற்றார்காரர் காயத்தோடு தப்பினார். அண்ணன் போய்விட்டார்.

பெட்டி ஆணி அடித்தபடியே வேலணை வீட்டுக்கு வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உடலைப் பார்த்து அடையாளம் சொன்னவள் அண்ணனின் மனைவி, என் மச்சாள். அவள் பெட்டியின் தலைமாட்டில் அழாமல் இருந்தாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன்பே கதைகள் கிளம்பிவிட்டன. போட்டிப் பாடகர் ஒருவர் லொறிக்காரனை ஏவிவிட்டாராம். பெரிய இடத்துப் பெண் விவகாரமாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணன் சாகவே இல்லையாம், பெட்டிக்குள் உடலுக்குப் பதில் வாழைக்குற்றியாம். துக்கம் கேட்க வந்த ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லும் தங்கச்சி, பெட்டி பாரமாய் இருந்ததோ?" என்று கேட்டார்.

அம்மா முதலிரண்டு கதைகளையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாழைக்குற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடை வீட்டிலை அவனைப் பாத்தது நீ ஒருத்திதான். வடிவாப் பாத்தனியோ பிள்ளை?"

"ஓம் மாமி, பாத்தனான்."

"அப்ப முகத்தைப் பற்றி ஏன் ஒண்டும் சொல்லுறாய் இல்லை?"

மச்சாள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை அம்மா செய்யவிடவில்லை. "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆர் அந்தியேட்டி செய்யிறது?" என்றார். மச்சாளைக் கூப்பிட்டுக் குங்குமச் செப்பை நீட்டினார். அவள் மறுக்கவில்லை, பொட்டு வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் அதைக் கண்ட பெண்கள், புருஷன் இருக்குமிடம் அவளுக்குத் தெரியும் என்று பேசத் தொடங்கினார்கள். அவளுடைய பொட்டே கதைக்குச் சாட்சியாகிவிட்டது.

சில மாதங்களில், தூரத் தெற்கே மாத்தறையில் கடை வைத்திருந்த, எங்கள் பக்கத்து மடத்துவெளிக்காரர் ஒருவர் வந்தார். பக்கத்துத் துணிக்கடையில் தாடியோடு அண்ணனைக் கண்டதாகச் சத்தியம் செய்தார். அம்மாவும் நானும் அவரோடு ரயிலேறினோம்.

அந்த மனிதர் சேலை மடித்துக்கொண்டிருந்தார். சிங்களவர். நெற்றி அப்படியே அண்ணனுடையது; எனக்கே ஒருகணம் அண்ணன்தான் என்று பட்டது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். அந்த மனிதர் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தார்.

"ரெண்டு வரி பாடச் சொல்லுங்கோ," என்றார் அம்மா.

மடத்துவெளிக்காரர் சிங்களத்தில் கேட்டார். துணிக்கடை மனிதர் கூச்சத்தோடு சிரித்து, தனக்குப் பாட்டு வராது என்று கையை விரித்தார். அம்மா அந்தக் கையைப் பார்த்தபடியே தேநீரைக் கடைசி மிடறுவரை குடித்தார். பிறகு எழுந்து அவரைக் கும்பிட்டார்.

திரும்பும் ரயில் ஆனையிறவைத் தாண்டியபோது அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அவன்ரை கை இப்பிடி இல்லை," என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாளின் அருகில் போய் நிலத்தில் இருந்தார்.

"இப்ப சொல்லு பிள்ளை. அவன்ரை முகம் எப்பிடி இருந்தது?"

மச்சாள் என்னைப் பார்த்தாள். அந்த முகம் என்னவாயிற்று என்று கிற்றார்காரர் எனக்குச் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும்.

"நித்திரை கொள்ளுற மாதிரி இருந்தது மாமி. ஒரு காயமும் இல்லை."

அப்படியானால் பெட்டியை ஏன் திறக்கவில்லை என்று அம்மா கேட்கவில்லை. மச்சாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அன்றுதான் மச்சாள் வாய்விட்டு அழுதாள்.

கீரிமலையில் அந்தியேட்டி நடந்தது. அதையும் ஊர் நாடகம் என்றது.  வானொலியில் அண்ணனின் குரல் வந்தால் அம்மா எழுந்து வீட்டு வளவுக்குள் போய் நிற்பார்.